பச்சை எரிந்தால் சுருதி சேர்ந்துவிட்டதா?

கிட்டார் வாங்குகிறவர் அதோடு சேர்த்து வாங்கும் முதல் பொருள் இன்று கிளிப் ட்யூனர்தான். மாற்றுக் கம்பி வாங்க மறப்பவர்கூட அதை மறப்பதில்லை. விலை சில நூறு ரூபாய். துணி காயப்போடும் கிளிப்பைப் போல கிட்டாரின் தலையில் கவ்வவைத்து, கம்பியை மீட்டி, முள் நடுவுக்கு வந்து திரை பச்சையாகும்வரை கீயைத் திருகினால் போதும். ஆறு கம்பிக்கும் ஆறு பச்சை விழுந்துவிட்டால் கிட்டார் சுருதி சேர்ந்துவிட்டது என்பது வகுப்பறையிலிருந்து மேடைவரை வேதவாக்கு. அதற்குப் பிறகும் ஏதோ கசக்கிறதே என்று யாராவது முகம் சுளித்தால், "பச்சை காட்டுதே!" என்று பதில் வரும். பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது.

முடியக் கூடாது. அந்தக் கம்பி எங்கும் அழுத்தப்படாத நிலையில், மீட்டிய அந்த நொடியில், கருவிக்குள் எழுதிவைத்த ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் அதிர்ந்தது. பச்சை விளக்கு சொல்வது இவ்வளவுதான். சுருதி சேர்வது என்பதோ ஒரு சுரத்துக்கும் இன்னொரு சுரத்துக்கும் நடுவே இருக்கும் உறவு. அந்த உறவை ட்யூனர் பார்ப்பதே இல்லை. ஆறு கம்பிகளையும் ஒரே மீட்டலில் காட்டும் மாடல்கள் உண்டு என்பார்கள். அவையும் ஆறையும் தனித்தனியே அளந்து வரிசையாகக் காட்டுகின்றன, அவ்வளவே.

கருவியின் மேல் பகை எதுவும் இல்லை. 1936இல் அமெரிக்காவின் கான் நிறுவனம் ஸ்ட்ரோபோகான் என்ற சுருதி அளக்கும் சாதனத்தைக் கொண்டுவந்தது. சுழலும் தட்டுகள் கொண்ட அந்தப் பெட்டி, கிட்டார் பையில் போட்டுக்கொண்டு போகிற சமாசாரம் அல்ல. 1975இல் ஜப்பானின் கோர்க் நிறுவனம் டபிள்யூ.டி.-10 என்ற கையடக்க ட்யூனரை வெளியிட்டது. பின்னால் வந்த கிளிப் வகை இன்னும் கெட்டிக்காரத்தனமானது. அது காற்றில் வரும் ஒலியை நம்பியிருப்பதில்லை. கவ்வும் இடத்தில் உள்ள பீசோ சில்லு மரத்தின் அதிர்வைத் தொட்டு எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் நாலு பேர் பேசினாலும், இன்னொருவர் கீபோர்டு வாசித்தாலும் அது தன் வேலையைப் பார்க்கும். இந்த வசதியை வேண்டாம் என்பவர் வீம்புக்காரர். வழக்கு கருவியோடு அல்ல, அதற்கு நாமாகத் தூக்கிக் கொடுத்திருக்கும் நீதிபதி நாற்காலியோடு.

முதலில், பச்சை என்பது எந்தச் சுரத்துக்கும் எரியும். கிளிப் ட்யூனர்கள் வழக்கமாக இருக்கும் பன்னிரண்டு சுர முறையில், கம்பி எந்த அரைச்சுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதற்கே பச்சை காட்டும். புதுக் கம்பி மாட்டி முறுக்கிக்கொண்டே போகும்போது சி-க்கு ஒரு பச்சை, டி-க்கு ஒரு பச்சை, ஈ தாண்டி எஃப்-க்கும் ஒரு பச்சை. திரையில் எழுத்தைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்க்கும் மாணவர், ஜி-யாக இருக்க வேண்டிய கம்பியை ஏ-வரை இழுத்துவிட்டு நிம்மதியாக அடுத்த கம்பிக்குப் போய்விடுவார். எழுத்தைப் பார்த்தாலும் பல ட்யூனர்கள் எந்த ஸ்தாயி என்று சொல்வதில்லை. 82.4 ஹெர்ட்ஸில் அதிரும் தடித்த கம்பியும் ஈ, 329.6 ஹெர்ட்ஸில் அதிரும் மெல்லிய கம்பியும் ஈ. சரியான ஈ-யைக் கடந்தது தெரியாமல் அடுத்த ஸ்தாயியின் ஈ-யைத் தேடி முறுக்கினால் கம்பி படாரென்று அறுந்து கையில் கோடு போடும். இது தொடக்க வகுப்புகளில் சர்வ சாதாரணம்.

இன்னொரு விபத்து கண்ணுக்கே தெரியாதது. பெரும்பாலான கிளிப்புகளில் ஆதார சுருதியை மாற்ற ஒரு குட்டிப் பொத்தான் இருக்கிறது. ஏ என்றால் 440 ஹெர்ட்ஸ் என்பது வழக்கம். பையில் கிடந்து அழுந்தி அது 442 ஆகிவிட்டால் எல்லாக் கம்பிகளும் ஏறத்தாழ 8 சென்ட் ஏறி உட்காரும். ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குதான் சென்ட். எட்டுச் சென்ட் காதுக்கு நன்றாகத் தெரியும் வித்தியாசம். குழுவில் ஒருவர் மட்டும் ஏறி ஒலிப்பார், அவர் ட்யூனரில் மட்டும் ஆறும் பச்சை.

சரி, எழுத்தும் சரி, எண்ணும் சரி என்றே வைத்துக்கொள்வோம். பச்சை என்பது ஒரு புள்ளியா? இல்லை, ஒரு பட்டை. மலிவான ட்யூனர்கள் சில சென்ட் முன்பின் இருந்தாலும் பச்சையைக் காட்டிவிடும். ஒரு கம்பி 3 சென்ட் ஏறியும் இன்னொன்று 3 சென்ட் இறங்கியும் இருந்தால் நடுவே 6 சென்ட் இடைவெளி. இரண்டாவது கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டும் திறந்த முதல் கம்பியும் ஒரே ஈ. இரண்டையும் சேர்த்து மீட்டினால் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு முறை ஒலி வீங்கி அடங்கும். அந்த 'வாவ்… வாவ்' துடிப்பைக் காது உடனே பிடித்துவிடும். இரண்டுக்கும் பச்சை கொடுத்த ட்யூனருக்கு அது தெரியவே தெரியாது. கம்பிகள் ஜோடி ஜோடியாக இருக்கும் பன்னிரண்டு கம்பிக் கிட்டாரில் இந்தக் கூத்தை நன்றாகக் கேட்கலாம். அந்த மினுக்கத்துக்காகவே அதை வாங்குகிறவர்களும் உண்டு, அது அவரவர் ருசி.

மீட்டும் வேகமும் கணக்கில் வருகிறது. கம்பியை ஓங்கி அடித்தால் அது அகலமாக ஆடும். ஆடும்போது நீட்சி கூடும், இழுவிசை கூடும், சுரம் ஏறும். பிறகு மெல்ல இறங்கித் தன் இடத்துக்கு வரும். தடித்த ஈ கம்பியை மீட்டிவிட்டு முள்ளைப் பாருங்கள்: முதலில் வலப்பக்கம் துள்ளும், பிறகு இறங்கும். இதில் எந்த நொடி உண்மை? விரலால் மென்மையாக வாசிப்பவருக்கு இறங்கி நின்ற இடம் உண்மை. பிளெக்ட்ரத்தால் அடித்து வாசிப்பவருக்கோ, காதில் விழுவதெல்லாம் துள்ளிய இடம்தான். மெதுவாகத் தட்டிப் பச்சை பார்த்துவிட்டு மேடையில் ஓங்கி அடிக்கிறவரின் அடிக்கம்பிகள் பாட்டு முழுக்க ஏறியே ஒலிக்கின்றன.

அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் டெய்லர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். ரசிகர்களுக்காக வெளியிட்ட காணொளிப் பாடம் ஒன்றில் தன் கணக்கை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஆறாம் கம்பியை 12 சென்ட் இறக்குகிறார். ஐந்தாவதை 10, நாலாவதை 8, மூன்றாவதை 4, இரண்டாவதை 6, முதல் கம்பியை 3. ஆறில் ஒன்றுகூட நட்ட நடுவில் இல்லை. அடிக்கம்பிகள் ஏறி ஒலிப்பதையும், எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போவை மாட்டும்போது அவை சற்று ஏறிவிடுவதையும் முன்கூட்டியே ஈடுகட்டும் கணக்கு இது. அவருடைய கிட்டாரை நம் ஊர் மாணவர் ஒருவர் ட்யூனரில் மாட்டிப் பார்த்தால் ஆறும் தப்பு என்று திருத்திவிடுவார். உலகமே வியக்கும் ஒரு கிட்டார் ஒலி, மலிவு விளக்கொன்றின் கணக்கில் தோல்வி! இதிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: டெய்லரும் ட்யூனரைத்தான் பயன்படுத்துகிறார். எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பது மட்டும் அவர்.

ட்யூனர் செய்கிறவர்களுக்கும் இது தெரியும். ஸ்ட்ரோப் வகை ட்யூனருக்குப் பேர்போன பீட்டர்சன் நிறுவனம், கம்பிக்குக் கம்பி சில சென்ட் தள்ளி நிறுத்தும் முன்னமைப்புகளை 'ஸ்வீட்னர்' என்ற பெயரில் தன் கிளிப் ட்யூனரிலேயே வைத்து விற்கிறது. விற்கிறவருக்கே நடுக்கோட்டின் மேல் அவ்வளவு பக்தி இல்லை. வாங்குகிறவருக்கு மட்டும் ஏன்?

இதுவரை சொன்னதெல்லாம் திறந்த கம்பியைப் பற்றி. ஆனால் கிட்டாரை யாரும் திறந்த கம்பியில் மட்டும் வாசிப்பதில்லை. இடக்கை விரல் ஃப்ரெட்டில் அழுத்தும்போது கம்பி கீழே இறங்குகிறது, இறங்கும்போது கொஞ்சம் நீள்கிறது, நீண்டால் சுரம் ஏறுகிறது. தலைப்பக்கத்தில் கம்பி உட்காரும் நட்டின் பள்ளம் ஆழம் குறைவாக இருந்தால் முதல் ஃப்ரெட்டில் இந்த ஏற்றம் மோசமாகிவிடும். மலிவான கிட்டார்களில் நட் உயரமாகவே வருகிறது, ஏனென்றால் ஆழமாக அறுத்துவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் இரையும், வாங்கியவர் கடைக்கே திரும்பி வருவார். விளைவு, புதிதாகக் கற்கும் பிள்ளைகள் வாசிக்கும் சி, டி, ஈ, ஏ கார்டுகள் முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள்ளேயே குந்தியிருப்பதால், ஏற்றம் அதிகம் உள்ள இடத்திலேயே அவர்கள் காலம் கழிகிறது. போதாக்குறைக்கு, பயத்தில் பிடியை இறுக்கி அழுத்துவார்கள். எஃப் கார்டு பிடிக்க முடியாமல் பல்லைக் கடிக்கும் மாணவரின் கிட்டார் அந்த நிமிடம் எந்தச் சுருதியில் இருக்கிறது என்று தலையில் தொங்கும் பச்சை எப்படிச் சொல்லும்? அது சொன்னது திறந்த கம்பியின் கதை, அதுவும் ஐந்து நிமிடத்துக்கு முன்.

இந்த ஏற்றத்தைப் பழைய காலத்திலும் அறிந்திருந்தார்கள் போலிருக்கிறது. விஞ்ஞானி கலிலியோவின் தந்தை வின்செஞ்சோ கலிலீ, லூட் வாசித்தவர், 1581இல் வெளிவந்த தன் நூலில் ஃப்ரெட் வைக்க 18-க்கு 17 என்ற கணக்கைச் சொன்னார். அதாவது மிச்சமிருக்கும் கம்பி நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கு தள்ளி அடுத்த ஃப்ரெட். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் இது பன்னிரண்டு ஃப்ரெட்டில் ஒரு ஸ்தாயியை எட்டாது, ஏறத்தாழ 12 சென்ட் குறையும். வாசிக்கும்போது விரல் அழுத்தம் அந்தக் குறையின் ஒரு பகுதியைச் சரிக்கட்டிவிடும். இன்றைய கிட்டாரில் ஃப்ரெட்டுகள் துல்லியமான கணக்கில் அறையப்பட்டு, ஈடுகட்டும் வேலை பிரிட்ஜில் உள்ள சேடிலுக்குப் போய்விட்டது. அக்கூஸ்டிக் கிட்டாரில் அந்த எலும்புத் துண்டு ஏன் சாய்வாக நிற்கிறது என்றால் இதனால்தான்: அடிக்கம்பிக்கு நீளம் கொஞ்சம் அதிகம் தேவை.

நம் வீணையில் இந்தப் பிரச்சினையை வேறு வழியில் கையாண்டார்கள். இருபத்து நாலு மெட்டுகளையும் மெழுகின் மேல் பதித்து, ஒவ்வொன்றையும் மீட்டிக் கேட்டு, நகர்த்தி நகர்த்தி அந்த வீணைக்கு அந்தக் கம்பிக்கு ஏற்ப நிறுத்துவது மேளம் கட்டுகிறவரின் காது. மெழுகு தேய்ந்தால் மறுபடி கட்டுவார்கள். கிட்டாரில் ஃப்ரெட் அடித்தது அடித்ததுதான். நகர்த்த முடியாத ஃப்ரெட்டை வைத்துக்கொண்டு காதையும் கழற்றி வைத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

விஷயத்தின் கரு இன்னும் உள்ளே இருக்கிறது. கிட்டாரும் பியானோவும் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டிய முறையில் ஒலிக்கின்றன. இதில் பஞ்சமம் கிட்டத்தட்ட இயற்கையானது, 2 சென்ட்தான் வித்தியாசம். ஆனால் மேஜர் கார்டின் உயிரான அந்தர காந்தாரம் இயற்கையான இடத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் ஏறி நிற்கிறது. ஆறு பச்சையோடு ஈ மேஜர் கார்டை மீட்டிவிட்டு, நாலாம் கம்பி இரண்டாம் ஃப்ரெட்டையும் மூன்றாம் கம்பி முதல் ஃப்ரெட்டையும் மட்டும் தனியாக ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். 164.8 ஹெர்ட்ஸ் ஈ-யும் 207.7 ஹெர்ட்ஸ் ஜி ஷார்ப்பும். இவற்றின் மேல் ஓசைகள் மோதி விநாடிக்கு ஆறேழு முறை துடிக்கும். கூர்ந்த காது உள்ள பிள்ளைக்கு இது கரகரப்பாகத் தெரியும். அந்தப் பிள்ளை மூன்றாம் கம்பியைக் கொஞ்சம் இறக்கும். ஈ கார்டு தேனாகிவிடும். அடுத்து டி கார்டுக்குப் போனால் அதே மூன்றாம் கம்பியில் பஞ்சமம் வருகிறது, 14 சென்ட் தாழ்ந்து, சகிக்காது. மறுபடி ஏற்றும். பிறகு ஈ கசக்கும். காது நல்லதாக இருப்பதால் வந்த வம்பு இது. அந்தப் பிள்ளையிடம், "பச்சை காட்டுது, உன் காதுதான் சரியில்லை" என்று சொல்லும் வாத்தியார் செய்வது துரோகம். கேட்டது சரி, கிட்டாரில் எல்லாக் கார்டையும் ஒரே நேரத்தில் இனிக்கவைக்க முடியாது, இது ஒரு சமரசம் என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

பச்சை விளக்கு காட்டுவது அந்தச் சமரசத்தைத்தான். நல்ல சமரசம், எல்லாக் கார்டும் கொஞ்சம் கொஞ்சம் கசக்கும், எதுவும் அதிகம் கசக்காது. ஆனால் அதுவே ஒரே சமரசம் அல்ல. திறந்த ஜி சுருதியில் ஸ்லைடு வாசிக்கிறவர் ஒரே கார்டின் வடிவத்தைத்தான் மேலும் கீழும் நகர்த்துகிறார், அவர் காந்தாரமாகிய பி கம்பியைத் தாராளமாக இறக்கிக்கொள்ளலாம். ட்யூனர் சிவப்புக் காட்டினால் காட்டட்டும்.

எதிர்க் கட்சிக்கும் இங்கே ஒரு குட்டு தேவை. "அந்தக் காலத்தில் ஏது ட்யூனர், காதுலயே சேர்த்தோம்" என்று சொல்லும் மூத்த வாத்தியார்கள் பலர் சொல்லிக்கொடுக்கும் வழி, ஒரு கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட் ஹார்மோனிக்ஸையும் (அழுத்தாமல் தொட்டு எழுப்பும் மேல் ஓசை) அடுத்த கம்பியின் ஏழாம் ஃப்ரெட் ஹார்மோனிக்ஸையும் துடிப்பு நிற்கும்வரை ஒன்றாக்குவது. கேட்கக் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும், பெருமையாகவும் இருக்கும். ஆனால் அது ஒவ்வொரு ஜோடியையும் இயற்கையான மத்திமத்தில் நிறுத்துகிறது. கிட்டாருக்குத் தேவையான 500 சென்டுக்குப் பதில் 498. ஈ-யிலிருந்து ஏ, டி வழியாக ஜி-க்கு வருவதற்குள் 6 சென்ட் இறங்கிவிடும். பிசகு காதினுடையது அல்ல. அந்தக் காதிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்கும் முறையில்தான் கோளாறு. தனிச் சுரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்வதில் மலிவு ட்யூனர்கூட நம்மில் பலரை ஜெயித்துவிடும். இரண்டு சுரம் சேர்ந்து ஒலிக்கும்போது துடிப்பைப் பிடிப்பதில் காதுதான் ஜெயிக்கும். ஒன்றுக்கு மற்றது மாற்று என்று இரு கட்சிகளும் சாதிப்பதுதான் வம்பு.

பச்சை வந்தும் இரண்டே பாட்டில் சுருதி ஓடிவிட்டால் பழி விழுவது கீயின் மேல். விலை உயர்ந்த கீ செட் வாங்கிப் போடுகிறவர்கள் ஏராளம். கீ என்பது புழுப்பல் அமைப்பு. திருகு பல்சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் திருகைச் சுழற்ற முடியாது. கம்பி இழுத்தாலும் கீ தானாகத் திரும்பாது. உண்மையான குற்றவாளி பெரும்பாலும் நட். பள்ளம் குறுகலாக இருந்தால் கம்பி அதில் சிக்கிக்கொள்ளும். கீயைத் திருகும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தால் அதுதான் அடையாளம். பச்சை விழுந்த நேரத்தில் நட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் இழுவிசை, இந்தப் பக்கம் ஒன்று. ஒரு முறை கம்பியை வளைத்து வாசித்ததும் சிக்கல் விடும், சுரம் தாவும். இதற்கு வைத்தியம் பள்ளத்தில் பென்சில் கரி தடவுவது, புதுக் கம்பியை விரலால் நன்றாக இழுத்து நீட்டிவிடுவது, எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேர்ப்பது. தாண்டிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். நைலான் கம்பி என்றால் சில நாள் பொறுமையும் வேண்டும். சென்னை வெயிலிலிருந்து ஏசி அரங்குக்குள் நுழைந்ததும் எஃகுக் கம்பி குளிர்ந்து சுருங்கி ஏறும். வாசலில் வாங்கிய பச்சை மேடையில் செல்லாது.

கடைசியாக, கிட்டார் யாரோடு சேர்கிறது என்ற கேள்வி. 440 ஒன்றும் இயற்கை விதி அல்ல. பிரான்சு 1859இல் 435 என்று சட்டம் போட்டது. 440 என்பது 1939இல் லண்டன் மாநாட்டில் ஏற்கப்பட்டு, 1955இல் பன்னாட்டுத் தரமானது. இன்றும் ஐரோப்பிய இசைக்குழுக்கள் பல 442, 443 என்று ஏறியே வாசிக்கின்றன. பீட்டில்ஸின் 1967ஆம் ஆண்டுப் பாட்டு 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்', வெவ்வேறு வேகத்திலும் சுருதியிலும் இருந்த இரண்டு பதிவுகளை நாடா வேகத்தை மாற்றி ஒட்டியது. அதனால் அது ஏ-க்கும் பி ஃபிளாட்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. பச்சைக் கிட்டாரோடு அதைக் கூடவே வாசித்துப் பார்ப்பவர்கள் தங்களைத் தாங்களே சந்தேகப்பட்டுக்கொள்வார்கள். வீட்டு ஆர்மோனியத்தோடு, பழைய பியானோவோடு, இரண்டு கட்டைக்குச் சற்றே கூடுதலாகத் தம்புரா வைத்துக்கொள்ளும் பாடகரோடு உட்கார்ந்தாலும் இதே கதி. அங்கே கிளிப்பைக் கழற்றிவிட்டு எதிரில் இருப்பதோடு சேர்வதுதான் சுருதி.

வகுப்புகளில் செய்ய வேண்டியது பெரிய சங்கதி அல்ல. ட்யூனரால் ஆறு கம்பியையும் சேர்த்த பிறகு அதை அணைத்துவிட்டு, ஸ்தாயி ஜோடிகளைக் கேட்க வைக்கலாம். திறந்த ஆறாம் கம்பியும் நாலாவதின் இரண்டாம் ஃப்ரெட்டும். திறந்த ஐந்தாவதும் மூன்றாவதின் இரண்டாம் ஃப்ரெட்டும். திறந்த நாலாவதும் இரண்டாவதின் மூன்றாம் ஃப்ரெட்டும். திறந்த மூன்றாவதும் முதல் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டும். ஸ்தாயி மட்டும்தான் சமப் பங்கீட்டிலும் இயற்கையாகவே இருப்பது, ஆகவே காந்தாரத்தில் விழும் குழி இதில் கிடையாது. துடிப்பு கேட்டால் அழுத்தும் விரலைச் சற்றுத் தளர்த்திப் பார்க்கட்டும். துடிப்பு மெல்ல அடங்கினால் கோளாறு பிடியில். விரலைத் தளர்த்தியும் அடங்காமல், கம்பியைப் பச்சையின் நட்ட நடுவில் நிறுத்திய பின்னும் துடித்தால், கிட்டாரை நட் அறுக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். அந்தக் காசுக்கு இன்னொரு ட்யூனர் வாங்குவதால் பயன் இல்லை.